படை விட்டுப் பள்ளி புகுந்தோர்

போரில் பட்டாருக்கு நடுகல் நாட்டிய மரபு நம்முடையது. களத்தில் வீழ்ந்தவனைப் புலவர் பாடினர். அவன் பெயரைக் கல்லில் பொறித்துப் பீலி சூட்டினர். ஆனால், வீழாமல் மீண்டவன் மறுநாட் காலையில் என்ன செய்தான், யாரிடம் வேலை கேட்டான், எதைக் கொண்டு குடும்பம் நடத்தினான் என்பவற்றை வரலாற்று நூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அரசனுக்காக உயிரையும் கொடுப்பதைச் செஞ்சோற்றுக் கடன் என்று போற்றினோம். மீண்டு வந்தவனுக்கு அரசு பட்ட கடன் யாது? இக்கேள்வியைச் சட்டமன்றத்தில் வைத்து வழக்காடி, டாலரும் சதமுமாகக் கணக்கிட்டு விடை காண முயன்ற நாடு அமெரிக்கா. அந்த நெடுங்கதையில் ஒரு சிறு கிளையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். படை விட்டுக் கல்லூரி புகுந்த மாணாக்கர், படிப்பின் இடையே சில மணி நேரம் ஊழியம் செய்து பொருளீட்டுவதற்கு அந்நாட்டார் செய்த ஏற்பாடும், அதனைச் சீர்படுத்த எழுந்த மசோதாக்களுமே அக்கிளை.

கிளையைக் காணுமுன் வேரைக் காண வேண்டும். முதல் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கப் போர்வீரனுக்குக் கிடைத்தது 60 டாலரும், ஊர் போய்ச் சேர ஒரு ரயில் சீட்டுமே. போருக்குப் போகாதவர்கள் அதே காலத்தில் ஆலைகளில் நல்ல கூலி பெற்றிருந்தார்கள். இந்த வேறுபாடு வீரர்களின் நெஞ்சை உறுத்தியது. 1924-இல் காங்கிரஸ் மன்றம் ஒரு சட்டம் செய்தது. உள்நாட்டில் பணியாற்றிய நாள் ஒன்றுக்கு ஒரு டாலர், கடல் கடந்து பணியாற்றிய நாள் ஒன்றுக்கு ஒன்றேகால் டாலர் என்று கணக்கிட்டு, பத்திரம் எழுதிக் கொடுத்தது. ஆனால் அப்பத்திரத்தின் முழுத் தொகை 1945-இல்தான் கைக்கு வரும்! இடையே பெருமந்தம் வந்து வேலைகளை வாரிக்கொண்டு போயிற்று. 1945 வரையில் பசி காத்திருக்குமா? 1932-ஆம் ஆண்டுக் கோடையில் ஆயிரக்கணக்கான பழைய வீரர்கள், மனைவி மக்களுடன் வாஷிங்டன் நகருக்கு நடந்தும், சரக்கு வண்டிகளில் தொற்றியும் வந்து சேர்ந்தார்கள். அனகாஸ்டியா என்னும் ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் தகரமும் அட்டையும் கொண்டு குடிசை கட்டிக்கொண்டு, பணத்தை இப்போதே கொடுங்கள் என்று கேட்டார்கள். ஜூலை 28-ஆம் நாள், தளபதி டக்ளஸ் மக்ஆர்தர் தலைமையில் சென்ற படை அவர்களை விரட்டியது; குடிசைகள் எரிந்தன. ஒரு நாட்டின் படை, அந்நாட்டுக்காகப் போரிட்ட பழைய வீரர்மீது கண்ணீர்ப் புகை வீசிய காட்சியை அமெரிக்க மக்கள் எளிதில் மறக்கவில்லை. பின்னால் வந்த சட்டங்களுக்கெல்லாம் அக்காட்சியின் நினைவும் அச்சமும் பின்னணியாக இருந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியாதிருந்த நேரத்திலேயே, மீளப்போகும் வீரர்களை என்ன செய்வது என்ற கவலை எழுந்தது. அவர்கள் எண்ணிக்கை ஒரு கோடியே அறுபது இலட்சத்தை எட்டியது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தால் மீண்டும் மந்தம் வரும் என்று பொருளியலார் அஞ்சினர். அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவராக முன்பு இருந்த ஹாரி கோல்மரி என்ற வழக்கறிஞர், 1943-ஆம் ஆண்டின் முடிவில் வாஷிங்டனிலுள்ள மேஃபிளவர் ஓட்டலில் தங்கி, அந்த ஓட்டலின் கடிதத் தாளிலேயே தம் கைப்பட ஒரு திட்டத்தை எழுதினார். வீடு வாங்கக் கடன், வேலை கிடைக்கும் வரை வாரம் 20 டாலராக 52 வாரம் உதவித்தொகை, கல்லூரிப் படிப்புக்குப் பணம் என்று அத்திட்டம் விரிந்தது. படைவீரர்களுக்கு வழங்கிய செல்லப்பெயரை ஒட்டி, மக்கள் அதனை 'ஜி.ஐ. மசோதா' என்று அழைத்தார்கள்.

இம்மசோதா நூலிழையில் பிழைத்தது. இரு சபைகளின் கூட்டுக் குழுவில் பிரதிநிதிகள் சபைத் தரப்பினர் சரிபாதியாகப் பிரிந்து நின்றனர். மிசிசிப்பி மாநிலத்து ஜான் ராங்கின், வேலையற்றோர்க்கு உதவித்தொகை கொடுத்தால் கறுப்பின வீரர்கள் உழைக்காமல் ஓராண்டு உட்கார்ந்துவிடுவர் என்று கூறி, அப்பகுதியை எதிர்த்தார். குழுவின் இன்னோர் உறுப்பினரான ஜான் கிப்ஸன், உடல் நலமின்றி ஜார்ஜியாவிலுள்ள தம் ஊரில் இருந்தார். அவரை இரவோடிரவாகத் தேடிக் கண்டுபிடித்து, காரில் ஏற்றி, விமானத்தில் அமர்த்தி, 1944 ஜூன் 10-ஆம் நாட் காலையில் வாஷிங்டனில் கொணர்ந்து இறக்கினார்கள். அவர் வாக்கு விழுந்தது, முடிச்சு அவிழ்ந்தது. ஜூன் 22-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். பல இலட்சம் பேரின் வாழ்வை மாற்றிய சட்டம், ஒரு மனிதர் உரிய நேரத்தில் விமானம் ஏறியதைப் பொறுத்து இருந்தது!

கற்றோர் எல்லாரும் இதனை வரவேற்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சிகாகோப் பல்கலைக் கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், வேலை கிடைக்காதவர்கள் வந்து தங்கும் நாடோடிச் சத்திரங்களாகக் கல்லூரிகள் ஆகிவிடும் என்று எச்சரித்தார். ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்டும் தகுதியற்றோர் புகுவரோ எனத் தயங்கினார். நடந்தது வேறு. 1947-இல் கல்லூரி புகுந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். அவர்கள் நன்றாகவும் படித்தார்கள். 1956-இல் இத்திட்டம் முடிவுற்றபோது 78 இலட்சம் பேர் ஏதேனும் ஒரு கல்வியோ பயிற்சியோ பெற்றிருந்தனர். அவர்களுள் 22 இலட்சம் பேர் கல்லூரி சென்றவர். இப்பேறு எல்லாருக்கும் ஒப்ப வாய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகளின் கதவு கறுப்பின வீரர்க்கு மூடியே இருந்தது. அவர்களுக்கெனத் திறந்திருந்த சில கல்லூரிகளோ இடமின்றிப் பலரைத் திருப்பியனுப்பின. சட்டத்தின் வாசகத்தில் நிறவேற்றுமை இல்லை. அதனை நடத்திய கைகளில் இருந்தது.

இனி நம் பொருளுக்கு வருவோம். 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக் கட்டணம், புத்தகம் முதலியவற்றுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரையில் கல்லூரிக்கு நேரே செலுத்தியது. அந்நாளில் ஹார்வர்டின் கட்டணமே 400 டாலர்தான். ஆகவே கட்டணத்தைப் பற்றிக் கவலை இல்லை. உணவுக்கும் உறையுளுக்கும், தனியாளுக்கு மாதம் 50 டாலரும், குடும்பம் உடையவனுக்கு 75 டாலரும் கொடுத்தார்கள். 1945 டிசம்பரில் அதனை 65 என்றும் 90 என்றும் உயர்த்தினார்கள். போருக்குப் பின் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் இது கைக்கும் வாய்க்கும் எட்டவில்லை. மாணாக்கர் மாலையிலும் இரவிலும் வேலை தேடினார்கள். அப்போது சட்டம் என்ன செய்தது? உதவவில்லை, 1946 ஆகஸ்டில் ஓர் உச்சவரம்பு கட்டியது! உதவித்தொகையும் தானே சம்பாதித்ததும் சேர்ந்து, தனியாளுக்கு மாதம் 175 டாலரையும் குடும்பத்தானுக்கு 200 டாலரையும் தாண்டினால், தாண்டிய அளவுக்கு உதவித்தொகை குறையும் என்றது. தொழிற்பயிற்சி என்ற பெயரில் முழுச் சம்பளமும் வாங்கிக்கொண்டு உதவியும் பெற்றவர்களைத் தடுக்க வந்த விதி அது. நோக்கம் பிழையன்று. ஆயினும், சட்டம் செய்தோர் மாணாக்கனின் உழைப்பை ஓர் உரிமையாகவோ கல்வியின் ஒரு பகுதியாகவோ அன்று கருதவில்லை. கண்காணிக்க வேண்டிய ஒன்றாகவே கருதினார்கள் என்பது இதனால் விளங்குகிறது.

கொரியப் போரின் வீரர்களுக்கு 1952-இல் தனிச் சட்டம் வந்தது. இம்முறை கல்லூரிக்கு நேரே பணம் செலுத்துவதை நிறுத்திவிட்டு, வீரன் கையிலேயே மாதம் 110 டாலர் கொடுத்தார்கள். கட்டணமும் சோறும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். வியட்நாம் காலத்து வீரர்களுக்கு 1966 மார்ச்சில் சட்டம் வந்தது. அதில் தனியாளுக்கு மாதம் 100 டாலர். பதினான்கு ஆண்டுகளில் கட்டணமும் விலையும் எவ்வளவு ஏறின என்பதை எண்ணிப் பாருங்கள். தொகையோ பத்து டாலர் இறங்கியது! இரண்டாம் போரில் மீண்ட தந்தை ஹார்வர்டில் படிக்கலாம், வியட்நாமில் மீண்ட மகன் அதன் வாயிலில் கூட நிற்க இயலாது என்னும் நிலை.

இந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்ட லிண்டன் ஜான்ஸனைப் பற்றி இங்கே சிறிது சொல்வது பொருத்தமாகும். டெக்சஸ் மாநிலத்துச் சான் மார்கோஸ் என்னும் ஊரில், ஆசிரியர் கல்லூரியில் படித்த காலத்தில், அவர் வளாகத்துக் குப்பை பொறுக்கினார். துப்புரவுப் பணி செய்தார். பிறகு கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் எடுபிடியாக உயர்ந்தார். பெருமந்த காலத்தில் ரூஸ்வெல்ட் அரசு, ஏழை மாணாக்கர்க்குப் பகுதிநேர வேலை கொடுப்பதற்காக 1935-இல் தேசிய இளைஞர் நிர்வாகத்தை அமைத்தபோது, டெக்சஸ் பிரிவுக்கு இயக்குநராக அமர்ந்தவரும் இவரே. அந்த அனுபவத்தின் நிழல் 1964-ஆம் ஆண்டுப் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் படிந்திருக்கிறது. எல்லா ஏழை மாணாக்கர்க்கும் உரிய 'வேலையும் படிப்பும்' என்னும் திட்டம் அச்சட்டத்தில்தான் பிறந்தது. மறு ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், உயர்கல்விச் சட்டத்தில் கையொப்பமிட அவர் வாஷிங்டனில் இருக்கவில்லை. தாம் குப்பை பொறுக்கிய அதே கல்லூரிக்குச் சென்று கையொப்பமிட்டார். அரசியல் நாடகம் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும், துடைப்பம் பிடித்த கை எழுதிய சட்டத்துக்கும், பிடியாத கை எழுதிய சட்டத்துக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது.

முன்னாள் வீரர்க்கெனத் தனியே 'வேலையும் படிப்பும்' திட்டம் வந்தது 1972-இல். அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் நிக்ஸன் கையொப்பமிட்ட சட்டம், மாத உதவியை 220 டாலராக உயர்த்தியதுடன், ஒரு புதிய வழியையும் திறந்தது. ஒரு பருவத்தில் 100 மணி நேரம் வேலை செய்ய ஒப்பும் மாணாக்கனுக்கு 250 டாலர் தரப்படும் என்றது. மணிக்கு இரண்டரை டாலர் ஆகிறது. அக்காலத்தில் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 60 சதம். குறைந்தபட்சத்துக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! இந்த எண்ணை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் பயன்படும். 1974-இல், அப்போதைய தலைவர் ஃபோர்டு செலவு மிகும் என்று மறுத்தும், காங்கிரஸ் அம்மறுப்பைத் தள்ளி நிறைவேற்றிய சட்டம், 100 மணியை 250 மணியாகவும் 250 டாலரை 625 டாலராகவும் ஆக்கியது. மணிக் கணக்கு பெருகியது. மணிக்குரிய கூலி அதே இரண்டரை டாலர்தான்.

செய்யும் வேலை யாது? போரிலிருந்து மீண்டும் தமக்குரிய உதவிகளை அறியாதிருக்கும் வீரர்களைத் தேடிச் சென்று சொல்லுதல். விண்ணப்பத் தாள்களை நிரப்பி, சரிபார்த்து, உரிய இடத்தில் சேர்த்தல். முன்னாள் வீரர் மருத்துவமனைகளில் துணைபுரிதல் முதலியன. பின்னாளில் மாநில இல்லங்களும், வீரர்களின் கல்லறைத் தோட்டங்களும் சேர்ந்தன. வாரம் 25 மணி என்ற கணக்கில், ஒரு பருவத்தின் வாரங்களுக்கு உரிய மணிகளே வரம்பு. கூலிக்கு வருமான வரி கிடையாது. ஒப்பந்தத்தில் நாற்பது விழுக்காட்டு மணிகளுக்கோ ஐம்பது மணிக்கோ, எது குறைவோ அதற்குரிய பணத்தை முன்பணமாகவும் பெறலாம். முதல் மாத வாடகைக்குக் கையில் ஒன்றுமில்லாதவனுக்கு இம்முன்பணம் பெரிய துணை.

நல்ல ஏற்பாடுதானே, இதில் குறை என்ன என்று கேட்கலாம். முதற்குறை கூலி. ஒன்றரை மடங்காகத் தொடங்கிய கூலி, பின்னர் குறைந்தபட்சக் கூலியோடு பிணைக்கப்பட்டது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியோ மாநிலத்தின் கூலியோ, எது உயர்வோ அது கிடைக்கும். மத்திய அரசின் கூலி 2009 ஜூலையில் 7 டாலர் 25 சதம் ஆயிற்று; அதன்பின் நெடுங்காலம் அசையவில்லை. பல மாநிலங்கள் தாமே உயர்த்திக்கொண்டன. உயர்த்தாத மாநிலத்தில் வாழும் வீரனுக்கு அந்த ஏழேகால் டாலரே கதி. 1972-இல் சட்டம் எழுதியவர்கள் வீரனின் உழைப்பைக் கடைநிலைக் கூலிக்கு மேலே வைத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தோர் அதனைக் கடைநிலைக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாரும் கூலியைக் குறைத்ததாகச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. விலைவாசி குறைத்தது.

இரண்டாவது குறையே என் கருத்தில் பெரிது. அது வேலையின் வகை. போர்க்களத்தில் காயமுற்றார்க்குக் குருதி நிறுத்தி உயிர் காத்த ஒருவன், உயிரியல் படிக்கக் கல்லூரிக்கு வருகிறான் என்று கொள்வோம். ஆய்வுக் கூடத்தில் பேராசிரியருக்குத் துணையாக இருந்தால், அவனுக்குப் பாடமும் கூலியும் ஒருங்கே கிட்டும். ஆனால் சட்டம் அவனைப் பார்த்து, 'நீ முன்னாள் வீரன். ஆகவே முன்னாள் வீரரின் தாள்களை அடுக்கு' என்று சொல்லிற்று. படையை விட்டு வந்தவனைப் படையின் நிழலிலேயே உட்கார வைத்தது. இதனை மாற்ற எழுந்ததே 2009-ஆம் ஆண்டு மசோதா. தெற்கு டகோட்டா மாநிலத்துப் பிரதிநிதி ஸ்டெபனி ஹெர்செத் சாண்ட்லின் அதனைக் கொண்டுவந்தார். கல்லூரியின் பாடத்துறைகளிலும் மாணாக்கர் பணித்துறைகளிலும் இவ்வேலைகளை விரித்தால் எப்படி இருக்கும் என்று ஐந்தாண்டு சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் உள்ளுறை. அவ்வாண்டு ஜூலையில் பிரதிநிதிகள் சபை அதனை ஏற்றது.

எதிர்வாதமும் இருந்தது, அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆய்வுக் கூடத்திலும் நூலகத்திலும் வேலை கொடுக்க 1964-ஆம் ஆண்டுத் திட்டம் எல்லார்க்கும் பொதுவாக இருக்கிறதே, முன்னாள் வீரர்க்கென ஒதுக்கிய பணம் முன்னாள் வீரர்க்கே தொண்டு செய்யும் வேலைக்குப் போவதுதானே முறை என்று கேட்கலாம். மேலும், தாள்களுக்கிடையே திகைத்து நிற்கும் புதிய வீரனுக்கு, அதே தாள்களோடு மல்லாடிய பழைய வீரனைவிட நல்ல துணைவன் யார்? பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடையே இருபத்தெட்டு வயதில் தனியே அமர்ந்திருக்கும் ஒருவனுக்கு, மேசைக்கு அப்பால் தன்னைப் போன்ற ஒருவன் இருப்பதே ஆறுதல். இவ்வாதம் உண்மை. ஆயினும், அத்தொண்டு விரும்பினார்க்கு வழியாக இருக்கலாம். எல்லார்க்கும் வேலியாக இருக்கலாமா?

அம்மசோதா வந்த வடிவிலேயே சட்டமாகவில்லை. 2010 அக்டோபர் 13-ஆம் நாள் ஒபாமா கையொப்பமிட்ட வேறொரு விரிவான சட்டத்தில், கல்லூரிகளில் முன்னாள் வீரர் தொடர்பான பிற பதவிகளுக்கும் இக்கூலி உண்டு என்று இடம் வகுத்தார்கள். வேலி சற்றுத் தள்ளி நடப்பட்டது, பிடுங்கப்படவில்லை. 'முன்னாள் வீரர் தொடர்பான' என்னும் அடைமொழி அப்படியே நிற்கிறதன்றோ?

மூன்றாவது குறை நிலையின்மை. மாநில இல்லங்கள், கல்லறைத் தோட்டங்கள் முதலிய சில இடங்களில் வேலை கொடுக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் தவணை வைத்தே நீட்டி வந்தது. 2013 ஜூன் 30-இல் ஒரு தவணை முடிந்தது. புதுப்பிக்கும் சட்டம் உரிய நாளில் வரவில்லை. அவ்விடங்களில் அதுவரை ஊழியம் செய்த மாணாக்கரின் வேலை, அவர்கள் குற்றம் ஒன்றுமின்றி நின்றது. மன்றத்தில் ஒரு தேதி தவறினால், தொலைவிலுள்ள ஊரில் ஒரு வீட்டு வாடகை தவறுகிறது. 2017 ஆகஸ்டில் வந்த பெருஞ்சட்டம் இத்தவணை முறையை ஒழித்து அவ்வேலைகளை நிலையாக்கியது. அச்சட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர், ஓட்டல் தாளில் திட்டம் எழுதிய அந்த ஹாரி கோல்மரியின் பெயர்.

எஞ்சியது தகுதி பற்றிய வழக்கு. தொடக்கத்தில் முழுநேரம் பயில்பவனுக்கே இவ்வேலை கிடைத்தது. பின்னர் முக்கால் நேரம் பயில்பவனுக்கும் கிடைத்தது. அரை நேரம் பயில்பவனுக்கும் கொடுக்க வேண்டும் என்னும் மசோதா, 2023-இல் கூடிய 118-ஆவது காங்கிரஸின் முன் வந்தது. அரை நேரம் பயில்பவன் யார் என்று பார்த்தால் இவ்வழக்கின் பொருள் புலப்படும். அவன் சோம்பேறி அல்லன். குழந்தையைப் பள்ளியில் விட்டு, மருத்துவமனையில் தன் பழைய காயத்தைக் காட்டி, எஞ்சிய பொழுதில் இரண்டு பாடம் எடுத்துக்கொள்பவன் அவன். அவனுடைய மாத உதவித்தொகையும் படிப்பின் அளவுக்கேற்பச் சுருங்கும். உதவி குறைந்தவனுக்கு வேலை வேண்டும். ஆனால் படிப்பு குறைவு என்ற காரணத்தால் அவ்வேலைக்கு அவன் மனுச் செய்யவே முடியாது என்பதுதான் அம்மசோதா மாற்ற முயன்ற விதி.